கிணற்றுக்கு ஓர் இடக்கை

எனக்கு இடது கை உண்டு. வேலை செய்யாது, அவ்வளவுதான். ஐந்து வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது அதன் பலத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. தோளிலிருந்து தொங்கும். குளிரும், வலிக்கும், எறும்பு கடித்தால் தெரியும். ஒரு துரும்பைப் பிடி என்றால் மட்டும் பிடிக்காது. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் என்னைப் பார்த்துப் "பாவம்" என்று சொல்லாத வாய் கிடையாது. சிலர் அன்பாகச் சொல்வார்கள், சிலர் பொழுது போகாமல் சொல்வார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்காது.

பின்னாளில் நான் வாத்திச்சியாக இருந்த காலமெல்லாம் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள். பாடப் புத்தகத்தில் ரயில் எஞ்சின் படத்தையும் மின்விளக்குப் படத்தையும் பார்த்துவிட்டு, "டீச்சர், கண்டுபிடிக்கதுன்னா என்ன?" என்பார்கள். அந்தச் சொல்லிலேயே இரண்டு வேலை இருக்கிறது, முதலில் காண வேண்டும், பிறகு பிடிக்க வேண்டும் என்று நான் சொல்வேன். கண்டுவிட்டுப் பிடிக்காமல் விட்டவர்கள்தான் உலகத்தில் அதிகம். எனக்குக் கண் இரண்டு, கை ஒன்று. ஆகையால் இந்தச் சொல்லைப் பற்றிப் பேச மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பாத்தியதை உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

நான் ஒன்றைக் கண்டுபிடித்தது சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து. அப்போது எனக்கு இருபது வயது. ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். சித்திரை பிறந்த மறுநாளோ என்னவோ, பனவடலிசத்திரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆர்டர் வந்தது. வைகாசி கடைசியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வந்து சேர வேண்டும். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு சின்ன வீடு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கிணறு இருந்தது. நான் அந்தக் காகிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. மடித்த இடத்தில் அது கிழியத் தொடங்கிவிட்டது.

அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. ஆர்டரை இரண்டு தடவை வாசித்தார். ஆபீஸ் காகிதத்தை வாசிப்பதுபோல மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே. வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"படிச்சுக் குடுக்கதுக்கும் எழுதுததுக்கும் ஒத்தக் கை போதும்ட்டி. தண்ணிக்கு என்ன செய்வ? அங்கன கெணறு நாப்பது அடியாம்லா."

"பக்கத்து வீட்டுல யாராவது எறைச்சுக் குடுக்க மாட்டாங்களா?" என்றாள் அம்மா.

"தெனமும் ரெண்டு தோண்டித் தண்ணியும் அது கூட ரெண்டு பாவமும் எனக்கு வேண்டாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அப்பா கோபப்படவில்லை. "அப்ப எறைச்சுக் காட்டு. நான் பாக்கேன். பாத்துட்டு, போன்னா போ" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. அம்மாவால் தம்பி தங்கைகளை விட்டுவிட்டு என்னோடு வர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் இறைத்தால் வேலை உண்டு. இல்லாவிட்டால் காலம் பூராவும் அந்த வீட்டில், அந்தத் தெருவில், பாவமாக இருக்க வேண்டும்.

ஒற்றைக் கையால் தண்ணீர் இறைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதில் இருக்கிற கஷ்டம் புரியும். கனம் ஒரு கஷ்டமே இல்லை. என் வலது கைக்கு இரண்டு கையின் பலம் இருந்தது. ஒரு முழம் இழுத்துவிடலாம். அடுத்த முழத்தைப் பிடிக்க வேண்டுமானால் பிடித்ததை விட வேண்டும். விட்டால் தோண்டி திரும்பக் கிணற்றுக்குள் போய்விடும். இரண்டு கை உள்ளவர்கள் ஒன்றை விடும்போது இன்னொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு கண நேரத்துப் பிடிதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதலில் காலை உபயோகித்தேன். இழுத்த கயிற்றைப் பாதத்தின் கீழ் மிதித்துக்கொண்டு அடுத்த முழத்தை எட்டிப் பிடிக்கலாம் என்பது திட்டம். ஐந்தாறு முழம் நன்றாகத்தான் போயிற்று. கயிற்றின் ஈரமான பாகம் காலுக்கு வந்ததும் வழுக்கிவிட்டது. உள்ளங்கால் தீப்பட்டதுபோல் எரிந்தது. கயிறு முழுவதும் ஓடிப்போய், கடைசி முனையும் உருளையைத் தாண்டிக் கிணற்றுக்குள் போய் விழுந்தது. அதன் மறு முனையில் அம்மாவின் செப்புத் தோண்டி இருந்தது. அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அன்றிலிருந்து அம்மா மத்தியானமெல்லாம் கொத்துக் கொத்தாகக் கொக்கி தொங்குகிற பாதாளக் கரண்டியை வைத்துக்கொண்டு கிணற்றைத் துழாவுவாள். தோண்டி அகப்படவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த யோசனை வயலிலிருந்து வந்தது. கமலையில் மாடு என்ன செய்கிறது? வடத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிணற்றைவிட்டு நடந்து போகிறது, தண்ணீர் மேலே வருகிறது. நானும் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கொல்லையில் நடந்தேன். வாளி ஜோராக மேலே வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொல்லை வேலி வரைக்கும் குனிந்து இழுத்துக்கொண்டு போய், அங்கே ஒரு முளைக்குச்சியில் கயிற்றைச் சுற்றிவிட்டு நிமிர்ந்தேன். அப்பா ஆபீஸிலிருந்து வந்து கொல்லை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அவுத்து வை" என்றார்.

"வந்துட்டுப்பா, பாருங்க, வாளி மேல வந்துட்டு."

"அவுத்து வைட்டி. எம் புள்ள மாடு இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சாயங்காலம் காபி குடிக்கவில்லை. அம்மாவிடம், "பனவடலி வேண்டாம். எழுதிப் போட்டுரச் சொல்லு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

நான் எழுதிப் போடவில்லை. எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே நாட்களைக் கடத்தினேன்.

இடையில் சித்திரைத் தேர் வந்தது. எனக்குப் போக இஷ்டமே இல்லை. அம்மா வருஷம் தவறாமல் வெள்ளித் தகட்டில் செய்த ஒரு சின்னக் கையை வாங்கிக் கோமதியம்மன் உண்டியலில் போடுவாள். கால் வலித்தால் கால், கண் நொந்தால் கண். எங்கள் வீட்டுக்குக் கை. பதினைந்து வருஷமாகப் போட்டுப் போட்டு, உண்டியலில் என் இடது கை எத்தனை கிடக்கிறதோ. அந்த வருஷமும் போட்டாள். பிறகு ரதவீதியில் போய்க் கூட்டத்தோடு நின்றோம். அப்பா வழக்கம்போல என் இடப்பக்கம் வந்து நின்று, என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் யாரும் இடித்துவிடக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே அவருக்கு அந்தப் பழக்கம். தெருவில் நடந்தாலும் அந்தப் பக்கம்தான் நடப்பார்.

வீதி மூலையில் தரை கொஞ்சம் மேடு. தேர் அங்கே வந்ததும் திணறியது. ஜனங்கள் ஒரு மூச்சு இழுத்தார்கள், ஒரு முழம் நகர்ந்தது. இன்னொரு மூச்சு, இன்னொரு முழம். பிறகு எல்லோரும் வடத்தைக் கீழே போட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்கள். ஒருவர் பானகம் குடித்தார். ஒருவர் பக்கத்து ஆளிடம் மிளகாய் விலை கேட்டார். அத்தனை பெரிய தேர் மேட்டில் நிற்கிறது, பிடித்துக்கொண்டிருக்க ஒருவரும் இல்லை. வெயிலில் எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. தேரைச் சுற்றித் தொங்கிய துணித் தொம்பைகள் மட்டும் காற்றில் மெல்ல அசைந்தன. எவ்வளவு நிம்மதியாக நிற்கிறது என்று மட்டும் அப்போது தோன்றியது, வேறொன்றும் தோன்றவில்லை. நான் அதைப் பார்த்தேன் என்பதே எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் போயிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்கட்டில் வெறுந்தரையில் படுத்திருந்தேன். தரையின் குளிர்ச்சி முதுகில் ஏறியது. பக்கத்து வீட்டுக் கிணற்று உருளை கிரீச், கிரீச் என்று சத்தம் போட்டது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்தச் சத்தம் மெதுவாகப் பெரிதாகி, தேர்ச் சக்கரத்தின் சத்தமாக ஆனது. பார்த்தால், எங்கள் கிணற்றுக்குள்ளிருந்து தேர் ஏறி வருகிறது. நீர் சொட்டச் சொட்ட, தொம்பையெல்லாம் நனைந்து, ரொம்ப நிதானமாக வருகிறது. வடத்தை நான் ஒருத்திதான் பிடித்திருக்கிறேன். அது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. கொஞ்ச நேரத்தில் கை கடுக்கிறது என்று விட்டுவிட்டேன். தேர் விழவில்லை. கிணற்றின் நடுவில் அப்படியே நிற்கிறது. சக்கரத்துக்கு அடியில் யாரோ ஒரு கட்டையைச் செருகிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

முட்டுக்கட்டை!

எழுந்து உட்கார்ந்தேன். "கண்டுபிடிச்சிட்டேன்! அம்மா, கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். பாதாளக் கரண்டியோடு கிணற்றடியில் நின்ற அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கனட்டி? எந்தப் பக்கமா கெடக்கு?"

"தோண்டி இல்லம்மா!"

"பொறவு எதத் தொலைச்ச?"

"எதையும் தொலைக்கல."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "தொலைக்காதத எப்படிட்டி கண்டுபிடிப்ப?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ புத்தகம் படித்துவிட்டேன், இதைவிட நல்ல கேள்வி எதிலும் இல்லை. கட்டை, தேர் நிற்கிற தேர்முட்டியில் வருஷம் பூராவும் கிடக்கிறது. உருளை வீட்டுக்கு வீடு தொங்குகிறது. இரண்டையும் நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டில் எதுவும் புதிது இல்லை, எதுவும் தொலையவும் இல்லை. அவை இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை, அவ்வளவுதான். என் அரைத் தூக்கத்தில் வந்து பார்த்துக்கொண்டன. நான் மும்முரமாக யோசித்த நாளெல்லாம் கால் எரிந்ததுதான் மிச்சம். யோசிப்பதை விட்ட மத்தியானத்தில், கூப்பிடாமலே வந்து நின்றது. ஆனால் யோசித்து யோசித்துக் கால் எரியாமல் இருந்திருந்தால், வந்தபோது அதை அடையாளம் கண்டிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

அன்றைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு, தேருக்குக் கட்டை செய்து கொடுக்கிற ஆசாரியிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

"முட்டுக்கட்டையா? கெணத்துக்கா? புது வேலைக்குப் போற புள்ள, வாயால அப்படிச் சொல்லலாமா தாயி? நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்ட போட்டான்னு எம் பேருல்லா கெடும்."

"தேருக்குப் போடுதீங்களே அண்ணாச்சி?"

"தேருக்குப் போடலாம். அது சாமி. வேற பேரு சொல்லுங்க, செய்யுதேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. இருக்கிற ஒரு மாதத்தில் பெயர் தேடுவதா? கரித்துண்டை எடுத்துத் தரையில் படம் போட்டுக் காட்டினேன். உருளைக்கு மேலே உத்தரத்தில் ஒரு கட்டை, ஓர் ஆணியில் ஆடுகிற மாதிரித் தொங்க வேண்டும். அதன் நுனி என் பக்கமாகச் சாய்ந்து கயிற்றின்மேல் படுத்திருக்க வேண்டும். நான் இழுக்கும்போது கயிற்றோடு சேர்ந்து வழிவிடும். கயிறு திரும்பிப் போகப் பார்த்தால், அதுவும் கூடவே திரும்பப் பார்த்து, இடம் போதாமல் கயிற்றை உருளையோடு சேர்த்து அழுத்திக்கொள்ளும். கனம் கூடக் கூட அழுத்தம் கூடும். வாளியை இறக்கும்போது மட்டும் கட்டையில் கட்டிய ஒரு சரட்டை இழுத்துத் தூணில் மாட்டிவிட்டால் கட்டை தூக்கிக்கொண்டு நிற்கும்.

ஆசாரி படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் இடது கையைப் பார்த்தார். பாவம் என்று சொல்லப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் அளவெடுக்கிற மாதிரி பார்த்துவிட்டு, "இது செய்யாத வேலையத்தான அது செய்யப் போவுது? அப்ப இடக்கைன்னு வச்சிருவோம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிஷமே சிரிப்பு வந்துவிட்டது. என் கையைப் பற்றி ஒருவர் உபயோகமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

நாலாம் நாள் இடக்கை வந்தது. புளியமரத்தில் செய்து, கண்ணாடி போல இழைத்து, ஓரத்தில் ஒரு பூவேலைகூடச் செய்திருந்தார். மாட்டினார். நான் இரும்பு வாளியை இறக்கி, ஒரு முழம் இழுத்து, கையை விட்டேன். வாளி சற்று நின்றது. நின்று, யோசித்து, சர்ரென்று போய்விட்டது. கயிறும் போய்விட்டது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். (தோண்டியும் வாளியும் அடுத்த வருஷம் தூர் வாரும்போது ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைத்தன. கண்டுபிடிச்சாச்சு என்று எனக்குக் கார்டு எழுதச் சொல்லியிருந்தாள்.)

நான் அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது? எல்லோர் முன்னாலும் அழுதேன். ஆசாரி என்னைக் கவனிக்கவே இல்லை. கட்டையின் நுனியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"தப்பு எம்மேல. தேர்க்கட்டைய நாங்க இழைக்கவே மாட்டோம் தாயி, சொரசொரன்னு இருந்தாத்தான் பிடிக்கும். பொம்பளப்புள்ள பொழங்குத சாமான்னு வழவழன்னு ஆக்கிப்புட்டேன்" என்று சொல்லிக்கொண்டே உளியை எடுத்தார். பூவேலையோடு சேர்த்து எல்லாவற்றையும் கொத்தினார். பார்க்க அவலட்சணமாக ஆயிற்று. அம்மா உள்ளே போய், மிச்சமிருந்த ஒரே பித்தளை வாளியையும் வேறொரு கயிற்றையும் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

இழுத்தேன். விட்டேன். நின்றது. இழுத்தேன். விட்டேன். நின்றது. நான் விட்ட இடத்தில் எல்லாம் அது பிடித்துக்கொண்டது. வாளி மேலே வந்ததும் அவசரமே இல்லாமல், கையை ஒருதரம் பாவாடையில் துடைத்துவிட்டு, எட்டி எடுத்து வைத்தேன். அம்மா அதில் ஒரு கை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டாள். "நான் போட்ட வெள்ளிக் கைக்கு அவ மரக்கை குடுத்திருக்கா. உனக்கு வேணும்னு கேட்டேன், கெணத்துக்குக் குடுத்துட்டா" என்றாள். ஆசாரி, தான் செய்ததில் புதுசு ஒன்றும் இல்லை, தேர்க்கட்டைதான் என்றார். ஆக அதைக் கண்டுபிடித்தது யார் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. நான்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை இருக்கிறது.

அப்பா சாயங்காலம் வந்தார். கையில் குடையோடு நேராகக் கொல்லைக்கு வந்து நின்றார். நான் ஒரு வாளி இறைத்துக் காட்டினேன். குனியாமல், இடுப்பில் கட்டாமல், நின்ற இடத்தில் நின்றபடி இறைத்தேன். அவர் குடையைச் சுவரில் சாத்தினார். கிணற்றருகே வந்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டார். சரட்டைத் தூணில் மாட்டி, வாளியை இறக்கி, சரட்டைக் கழற்றினார். பிறகு வலது கையால் ஒரு முழம் இழுத்தார். விடவில்லை.

"விடுங்கப்பா" என்றேன்.

"விட்டுருவேன். இரு."

ஒவ்வொரு விரலாக எடுத்தார். வாளி பாதிக் கிணற்றில், பிடிப்பாரில்லாமல், சொட்டிக்கொண்டு நின்றது. ஒரு சொட்டு விழுந்து அடியிலிருந்து சத்தம் வர ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. அப்பாவின் இரண்டு கைகளும் கயிற்றை ஒட்டி, தொடாமல், விழுந்தால் பிடித்துக்கொள்ளத் தயாராக இருந்தன. முதுகுக்குப் பின்னால் இருந்த கை எப்போது முன்னால் வந்தது என்று அவருக்கே தெரியாது.

"கைய எடுங்கப்பா. அது விழாது."

"எடுத்துட்டேம்லா" என்றார். எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுத்தார். எடுத்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்தார்.

அன்று விளக்கு வைத்த பிறகு கோவிலுக்குப் புறப்பட்டோம். சந்நிதித் தெருவில் நல்ல கூட்டம். அப்பா வழக்கம்போல என் இடப்பக்கம் வந்தார். நாலு எட்டு நடந்தார். பிறகு எனக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து, "பனவடலிக்குக் காலம்பற பஸ்ஸு எத்தன மணிக்கு இருக்குன்னு விசாரிக்கணும்" என்றார். என் இடது கை, பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக, கூட்டத்தில் அதன் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டு வந்தது.